விதி தெரிகிறது, விடை வரவில்லை: ஆர்கானிக் மெக்கானிசத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் வினைகள் (கண்டறிந்தவர் பெயரால் வழங்கும் வினைகள் போன்றவை) எல்லாம் மனப்பாடம். ஆனால் சேர்மத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் மெக்கானிசம் (வினை படிப்படியாக நடக்கும் விதம்) எழுத வரவில்லை. போன இன்டர்னலில், 3-மெத்தில்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன அதிகம் கிடைக்கும் என்று கேட்டார்கள். மார்கோவ்னிகாஃப் விதிப்படி (இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனில்தான் வரும் ஹைட்ரஜன் சேரும்) 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதினேன். மார்க் இல்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் எழுதிய பொருளும் அந்த வினையில் உண்டாகும். அதிகமாக உண்டாவது வேறொன்று. மார்கோவ்னிகாஃப் தன் விதியைச் சொன்ன காலத்தில் எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. ஆய்வகத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துச் சொன்ன விதி அது. ஏன் கிடைக்கிறது என்பது அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது அந்த 'ஏன்'தான்.

ஒரு தாளில் நான்கு கார்பன்களை வரைந்து, மூன்றாவதில் ஒரு மெத்திலைத் தொங்கவிடுங்கள். முதல் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு. அதிலுள்ள பை எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் முதல் கார்பனில் உட்கார, நேர்மின்சுமை இரண்டாவது கார்பனுக்கு வருகிறது. இது ஈரிணைய கார்பன் நேரயனி, அதாவது நேர்மின்சுமையுள்ள கார்பனோடு இரண்டு கார்பன்கள் இணைந்தது. நீங்கள் இங்கேயே புரோமைடைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் நின்று பக்கத்துக் கார்பனைப் பாருங்கள். மூன்றாவது கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அது தன் பிணைப்பு எலக்ட்ரான் இரண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது கார்பனுக்குத் தாவினால், நேர்மின்சுமை மூன்றாவதுக்குப் போகும். அது மூன்று கார்பன்கள் இணைந்த மூவிணைய நேரயனி, இன்னும் நிலையானது. அதில் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். உங்கள் ஆசிரியர் எதிர்பார்த்த விடை இதுதான்.

இதை வரையும்போது மாணவர்கள் அதிகம் தவறுவது அம்புக்குறியில். ஹைட்ரஜன்தானே வந்து சேர்கிறது என்று நினைத்து அதிலிருந்து அம்பை இழுக்கிறார்கள். வளைந்த அம்பு அணு நகர்வதைக் காட்டுவதில்லை, எலக்ட்ரான் இணை நகர்வதைக் காட்டுகிறது. அதனால் எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் கிளம்பி, எலக்ட்ரான் குறைவாக உள்ள இடத்தில் முடிய வேண்டும். கெர்மாக்கும் ராபின்சனும் 1922-இல் கொண்டுவந்த இந்தக் குறியீட்டைப் படம் என்று எண்ணாமல் கணக்கு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு படியிலும் இரு பக்கமும் மொத்த மின்சுமை சமமாக இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

அப்புறம் அந்தப் பெயர் வினைகள். ஆல்டால், கிளெய்சன், பெர்கின், நோவனாகல் ஆகியவற்றைத் தனித்தனியாக உருப்போட வேண்டாம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கார்பனைல் தொகுதிக்கு (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) அடுத்த கார்பனிலிருந்து காரம் ஒரு புரோட்டானை எடுக்கிறது, அந்தக் கார்பன் இன்னொரு கார்பனைலைத் தாக்குகிறது. நான்கிலும் இதுதான் நடக்கிறது. மாறுவது கடைசிப் படிகள் மட்டுமே.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பத்துப் பன்னிரண்டு பிகேஏ மதிப்புகள் (எண் குறைந்தால் அமிலம் வலியது) நாக்கு நுனியில் இருக்க வேண்டும்: அசிட்டிக் அமிலம் 4.76, நீர் 15.7, எத்தனால் 16, அசிட்டிலீன் 25, அம்மோனியா சுமார் 38. அசிட்டிலீனிலிருந்து புரோட்டானை எடுக்க சோடியம் ஹைட்ராக்சைடு ஏன் போதாது, சோடமைடு ஏன் வேண்டும் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: புரோட்டானை எடுத்ததும் ஹைட்ராக்சைடு நீராகவும் சோடமைடு அம்மோனியாவாகவும் மாறும்; அசிட்டிலீனை விட வலிமை குறைந்த அமிலம் அம்மோனியாதான்.

தினமும் இரண்டு வினைகள் போதும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் அது ஏன் அங்கே போகிறது என்று ஒரு வரி, தமிழிலேயே எழுதுங்கள். அந்த வரி வராத இடம்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

இன்றைக்கு 3,3-டைமெத்தில்-1-பியூட்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஹைட்ரஜன் புரோமைடுதான், ஆனால் பக்கத்துக் கார்பனில் தாவ ஹைட்ரஜன் இல்லை. வேறு எது தாவும் என்று யோசித்து எழுதுங்கள். 2-புரோமோ-2,3-டைமெத்தில்பியூட்டேன் வந்தால் சரி.