வெஸ்டன்-சூப்பர்-மேர்: உள்வாங்கிய கடலை நோக்கிச் சேற்றில் நடக்கலாமா?

இங்கிலாந்தின் கடலோர ஊரான வெஸ்டன்-சூப்பர்-மேரில் கடல் உள்வாங்கியிருக்கும்போது குழந்தைகளுடன் சேற்றில் நடந்து நீர் வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்க வேண்டாம். குழந்தைகள் இல்லாமல் நீங்கள் தனியாகப் போனாலும் அந்தச் சேற்றைக் கடந்து நீர் வரை செல்ல முயலாதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும் சேறு சில அடிகளில் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வரும் நீரோ நீங்கள் காலை விடுவிக்கும்வரை காத்திருக்காது.

பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் போனபோது கடலே தென்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அந்த நாளும் நேரமும்தான் என்று நினைக்கிறேன். ஊரை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாய் உள்ளே செல்லச் செல்லக் குறுகுவதால் அங்கே நீர்மட்டம் சில நாட்களில் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. கரையோ மிகத் தட்டையானது என்பதால் நீர் ஒரு மைலுக்கும் மேல் விலகிவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் (கடல்நீர் ஏறி உச்சத்தை அடையும் நேரம்) காலையிலும் மாலையிலும் வருகிறது; நடுப்பகலில் கடல் வற்றிக் கிடக்கும்.

அடுத்த முறை புறப்படுமுன் வெஸ்டனுக்குரிய ஓத அட்டவணையில் உயர் ஓத நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கரைக்குச் சென்று சேருங்கள். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால், அரைநிலவை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள்; அப்போது உயர் ஓதம் நடுப்பகலை ஒட்டி வரும்.

ஒரு எச்சரிக்கை: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தையே தருகின்றன, கோடையில் அதனுடன் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். யாராவது சேற்றில் சிக்கினால் நீங்கள் இறங்காமல் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.