புரோஸ்டேட் கான்சரும் தண்டுக்கலங்களும்: நம்மூர்க்காரர் கேட்ட கேள்விகள்

போன கிழமை புரோஸ்டேட் புற்றுநோய் ஏன் திரும்பி வருகிறது என்று எழுதும்போது தண்டுக்கலம் (ஸ்டெம் செல் என்பதுதான், மற்றக் கலங்களைத் திரும்பத் திரும்ப உண்டாக்குகிற தாய்க்கலம்) அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி போட்டேன், அதைப் பிடித்துக்கொண்டு திருகோணமலையிலிருந்தே நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நான் வைத்தியர் இல்லை. ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களை வளர்த்துப் பார்க்கிற ஆள், ஆகவே யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹோர்மோன் ஊசி போடுகிறோம். பிஎஸ்ஏ (புரோஸ்டேட் கலங்கள் சுரக்கிற, இரத்தத்தில் அளந்து பார்க்கிற புரதம்) நன்றாக இறங்கியது, இப்போது ஊசி போட்டும் ஏறுகிறது. ஸ்டெம் செல்தான் காரணமா?

தம்பி, பாதிக்காரணம் அதுவாக இருக்கலாம், முழுப்பழியையும் அதில் போட ஏலாது. ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று சிகாகோவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்பாவின் ஊசி அந்த வழியில் வந்ததுதான். ஆனால் எலிகளில் ஒரு விஷயம் கண்டார்கள்: ஆண் ஹோர்மோனைச் சுரக்கிற விதையை (விரையை) எடுத்துவிட்டால் புரோஸ்டேட் சுருங்கிப்போகும், திரும்ப ஹோர்மோனைக் கொடுத்தால் பழையபடி வளரும், மறுபடி நிறுத்தினால் சுருங்கும், கொடுத்தால் வளரும், இப்படிப் பலமுறை. அப்படியென்றால் ஹோர்மோன் இல்லாமலே உயிர் தப்பிக் கிடந்து, பிறகு சுரப்பியைத் திரும்பக் கட்டுகிற கலங்கள் உள்ளே இருக்க வேண்டுமே? நோயில்லாத சுரப்பியிலேயே இப்படி. கட்டிக்குள்ளும் அந்தக் குணம் கொண்ட கலங்கள் ஊசிக்குத் தப்பிவிடலாம்.

மற்றப் பாதி வேறு கதை. கட்டி தனக்கு வேண்டிய ஹோர்மோனைத் தானே செய்துகொள்ளும், அல்லது ஹோர்மோனைப் பிடிக்கிற வாங்கியைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும், சிலவேளை ஹோர்மோன் ஒட்டாமலே வேலை செய்கிற குட்டையான வாங்கியை உண்டாக்கிக்கொள்ளும். கிளினிக்குக்குப் போகும்போது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹோர்மோன்) அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். "ஊசிதான் வேலை செய்யவில்லையே" என்று வீட்டில் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், இந்தக் கட்டத்திலும் அதை வைத்துக்கொண்டே அடுத்த மருந்தைச் சேர்ப்பதுதான் வழக்கம்.

மூதூரிலிருந்து: கோரைப்புல்லை மேலே வெட்டினால் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும். அது மாதிரித்தானே? கிழங்கைக் கொன்றால் முடிந்ததா?

நானும் ஒரு காலத்தில் வகுப்பில் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன், கேட்கச் சுகமான விளக்கம். 2005இல் இங்கிலாந்தின் யோர்க்கில் நோயாளிகளின் புரோஸ்டேட் கட்டிகளிலிருந்து சிடி44, சிடி133 போன்ற மேற்பரப்பு அடையாளங்களை வைத்து இப்படிப்பட்ட கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். கட்டியில் சுமார் 0.1 வீதம், ஆயிரத்தில் ஒன்று. அந்த நேரம் எல்லோரும் கிழங்கு அகப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம்.

பிறகு கதை குழம்பியது. ஹோர்மோனை நிறுத்திய எலியில் மிஞ்சிக் கிடந்த, முதிர்ந்த சாதாரணக் கலங்களே ஹோர்மோன் திரும்பக் கிடைத்ததும் சுரப்பியைக் கட்டுகின்றன என்று 2020இல் நியூயோர்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உங்கள் கோரையில் இலை ஒருநாளும் கிழங்காகாது, இங்கே ஆகும். அதனால் இன்று எங்கள் துறையில் பலர் "தண்டுக்கலம்" என்பதைவிட "தண்டுக்கலம் போன்ற" என்றே எழுதுகிறார்கள். அது நிரந்தரமான ஒரு சாதி இல்லை, நெருக்கடி வந்தால் ஒரு கலம் எடுத்துக்கொள்கிற நிலை. ஒரு கூட்டத்தைக் கொன்றாலும் பக்கத்திலிருப்பது அந்த நிலைக்குப் போகலாம், தண்டுக்கலங்களைக் குறிவைக்கிற மருந்துகள் இன்னும் கைகூடாததற்கு என் பார்வையில் இதுதான் பெரிய காரணம்.

டவுனிலிருந்து: மாமாவின் பயொப்சி ரிப்போர்ட்டில் அடிக்கலங்கள் இல்லை என்று இருக்கிறது. தண்டுக்கலம் அடிக்கலத்தில்தான் இருக்குமாமே. அப்போ நல்ல செய்தியா?

இல்லை, மாறிப் புரிந்திருக்கிறீர்கள். சுரப்பிக்குள் இரண்டு வரிசை: வெளியே அடிக்கலங்கள், உள்ளே பிஎஸ்ஏ சுரக்கிற கலங்கள். புற்றுநோயில் வெளி வரிசை காணாமல் போகும், நோய்க்குறியியல் வைத்தியர் நோயை உறுதிசெய்வதே பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான். அப்படியானால் நோய் எந்த வரிசையில் தொடங்குகிறது என்று பெரிய சண்டையே நடந்தது. 2009இல் எலியில், உள் வரிசைக் கலம் என்றார்கள். அடுத்த வருஷமே இன்னொரு குழு மனித அடிக்கலங்களில் மரபணுக்களை மாற்றி எலிக்குள் வைத்துப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியது. இரண்டிலிருந்தும் வரலாம் என்பதுதான் இப்போதைய நிலை. மாமாவின் சிகிச்சைக்கு இது தேவைப்படாது, நீங்கள் பார்க்க வேண்டியது அதே ரிப்போர்ட்டிலுள்ள, நோயின் வீரியத்தைக் காட்டுகிற கிளீசன் எண்ணை.

கிண்ணியாவிலிருந்து: சேர், கோழித்தீனில் போடுகிற மருந்தொன்று கான்சர் ஸ்டெம் செல்லைக் கொல்லுமாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்களிடம் கோழிப்பண்ணை இருக்கிறது. வாப்பாவுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது சலினோமைசின். 2009இல் மார்புப் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் அப்படி ஒரு விளைவு கண்டது உண்மை, செய்தி அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அது குதிரைக்கு நஞ்சு, தவறுதலாக உள்ளே போன மனிதர்களுக்குத் தசையே சிதைந்து உயிராபத்து வந்திருக்கிறது. கோழிக்குப் பொருந்துகிற அளவை வைத்து மனிதருக்குக் கணக்குப் போட முடியாது. பையைப் பூட்டி வையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: முள்சீத்தா இலை அவித்துக் குடிக்கிறார் சித்தப்பா. அதோடு வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஏற்றினால் சுகமாகும் என்கிறார்கள்.

சிங்களத்தில் கட்டு அனோதா என்கிற அதே மரம்தானே. மனிதரில் புரோஸ்டேட் புற்றுநோயைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை, நெடுநாள் குடிப்பது பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயோடு தொடர்புபட்டதாகக் குவாதலூப் தீவில் கவனித்திருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஏற்றுவதா? இந்த நோய்க்கு அப்படி ஒரு சிகிச்சை கிடையாது. காணியை விற்காதீர்கள்.

டவுனிலிருந்து இன்னொருவர்: அப்பாவுக்குப் பிஎஸ்ஏ குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று நாளாக முதுகு கடுமையாக வலிக்கிறது, கால் சோர்கிறது என்கிறார்.

இவருக்குக் கேள்வி வந்தவுடனேயே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். பிஎஸ்ஏ குறைவு என்று ஆறுதல்பட்டு இருக்கக்கூடாது. தண்டுக்கலம் போன்ற நிலையிலுள்ள கலங்கள் பிஎஸ்ஏயைக் குறைவாகவே சுரக்கும், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு சில கட்டிகள் நரம்புக்கலத்தின் சாயலுக்கு மாறி அதைச் சுரப்பதையே விட்டுவிடும். இந்த நோய் எலும்பை, அதிலும் முள்ளந்தண்டை, தேடிப் போகிறது. முதுகுவலியோடு கால் சோர்வும் சேர்ந்தால், அல்லது சலம் போகாமல் நின்றால், முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் தேதி வரும்வரை இருக்க வேண்டாம், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், புரோஸ்டேட் கான்சர் இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.