ஊசி போட்டும் காய்ச்சல் வந்துவிட்டதே, டாக்டர்?

மழை ஆரம்பித்ததிலிருந்து ஓபியில் பாதிப் பிள்ளைகள் சீருடையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பள்ளியிலிருந்து நேராக வருகிறார்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சேலம், ஒரு அப்பா): மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஜூனில் ஊசி போட்டோம். அக்டோபரில் காய்ச்சல், டெஸ்டில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ் என்றே வந்தது. மூன்று நாளில் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டான், அது வேறு விஷயம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் தண்டம்தானே?

பதில்: அந்த "வேறு விஷயம்" இருக்கிறதே, அதுதான் விஷயமே. தட்டம்மை ஊசி மாதிரி, போட்டுவிட்டால் அநேகமாக வரவே வராது என்கிற ரகம் இல்லை இது. ஊசியில் இருக்கும் வைரஸ் ரகமும் ஊரில் சுற்றும் வைரஸ் ரகமும் நன்றாகப் பொருந்துகிற வருஷத்திலேயே, டாக்டரிடம் ஓடுகிற அளவு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். இதை ஊசி போடும்போதே சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் பல பேர் சொல்வதில்லை, தப்பு எங்கள் மேல்தான்.

ஆனால் நோய் முற்றுவதைப் பாருங்கள். அமெரிக்காவில் 2010-12இல் ஐசியுவில் சேர்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்கு ஃப்ளூவால் ஐசியு வரை போகிற ஆபத்து ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. 2010-14இல் ஃப்ளூவால் இறந்த பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு ஆய்வில், வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளைகளில் சாவு 65 சதவீதம் குறைந்தது, ஏற்கெனவே நோய் இருந்தவர்களில் 51 சதவீதம். அதே நாட்டில் 2024-25 சீசனில் குறைந்தது 280 பிள்ளைகள் ஃப்ளூவால் இறந்தார்கள்; ஊசி போட்டிருக்கக்கூடிய வயதில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முழுசாகப் போடாதவர்கள். உங்கள் மகனுக்கு ஊசியால்தான் லேசாகப் போனது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ஆனாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று வைத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது.

கேள்வி (திண்டுக்கல், ஒரு அம்மா): குழந்தையாக இருக்கும்போதே இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டதாக அட்டையில் இருக்கிறது. மறுபடி எதற்கு?

பதில்: அட்டையை நன்றாகப் பாருங்கள், "ஹிப்" என்று இருக்கும். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி என்பது பாக்டீரியா, ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1892இல் ஃபைஃபர் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிகளின் சளியில் அந்தப் பாக்டீரியாவைப் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். மனிதரிடமிருந்து உண்மையான வைரஸைப் பிரித்தது 1933இல்தான். தப்பு திருந்திவிட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்றைக்கு என் மேஜையில் வந்து குழப்பம் பண்ணுகிறது. ஹிப், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே இருக்கிறது, நம் மாநிலத்தில் 2011 டிசம்பரிலிருந்து அரசே இலவசமாகப் போடுகிறது. ஃப்ளூ ஊசி அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர், ஒரு தாத்தா): ஏழு வயதுப் பேரன். நாலு நாள் அடித்த காய்ச்சல் விட்டுவிட்டது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுகிறான், இறக்கிவிட்டால் நுனிக்காலில் தத்தித் தத்தி நடக்கிறான். போலியோவோ என்று வீடே கலங்கிப்போய்விட்டது. ஃப்ளூ ஊசி போடவில்லை.

பதில்: ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவன் கெண்டைக்காலைத் தொட்டால் எப்படிக் கத்துவான் என்று என் கண் முன்னால் தெரிகிறது. ஃப்ளூ சீசனில், அதிலும் பி ரகம் சுற்றும்போது, பள்ளி வயதுப் பையன்களிடம் இதை நிறையப் பார்ப்போம். காய்ச்சல் விடுகிற நேரத்தில் கெண்டைக்கால் தசையில் அழற்சி வரும். குதிகாலைத் தரையில் வைத்தால் தசை இழுபடுகிறது, அதனால்தான் நுனிக்கால். தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் சிபிகே என்கிற பொருளின் அளவு தாறுமாறாக ஏறியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஓய்வு, நிறையத் தண்ணீர், வலிக்கு பாரசிட்டமால், ஒரு வாரத்துக்குள் ஓடிப்பிடித்து விளையாடுவான். இருந்தாலும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். இரண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது: சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, அல்லது வலியைவிட பலவீனம் அதிகமாகி நாளுக்கு நாள் கால் துவண்டுகொண்டே வருவது. அப்படியானால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

கேள்வி (பலர்): எப்போது போடுவது? ஏன் வருஷா வருஷம்? சிலர் இரண்டு டோஸ் என்கிறார்களே?

பதில்: ஒன்பது வயதுக்குள் முதல்முறை போடுகிறவர்களுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், ஊசியின் வேகமும் மாதம் போகப் போக இறங்கும், அதனால்தான் வருஷா வருஷம். வட இந்தியாவில் பல ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும், சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடுதான் உச்சம். ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும், ஆகவே பள்ளி திறக்கும் முன்போ, தவறினால் செப்டம்பருக்குள்ளோ போட்டுவிடுங்கள். "மழை வந்துவிட்டதே, இனி எதற்கு" என்று விடவும் வேண்டாம், இப்போது போட்டாலும் பிரயோஜனம்தான்.

கேள்வி (மதுரை): போன தடவை நாலு ரகம் என்றார்கள், இப்போது மூன்று ரகம் என்கிறார்கள். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா?

பதில்: இல்லை. பி/யமகட்டா என்கிற நாலாவது ரகம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்ணில் படவில்லை. கொரோனா ஊரடங்கில் காணாமல் போனது அதுதான். இல்லாத எதிரிக்கு எதற்கு ஊசி? நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியில் எந்த வருஷத்து ஊசி என்று போட்டிருப்பதை.

கேள்வி (லண்டன், ஒரு அம்மா): இங்கே பள்ளியிலேயே ஃப்ளூ ஊசிக்குப் பதில் மூக்கில் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். பன்றி ஜெலட்டின் இருக்கிறதாம், நாங்கள் சைவம். மகளுக்கு வீசிங்கும் உண்டு.

பதில்: ஜெலட்டின் இருப்பது உண்மைதான். சம்மதப் படிவத்தை நிரப்பும்போதே ஜெலட்டின் இல்லாத ஊசி வேண்டும் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். கடைசி மூன்று நாளில் வீசிங் அதிகமாக இருந்தால் எப்படியும் ஸ்ப்ரேயைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் வீசிங் உள்ள பிள்ளைக்கு ஊசி போடாமல் மட்டும் விடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார் இருக்கிறார். அவருக்குப் போடுவதா, பிள்ளைகளுக்கா?

பதில்: முடிந்தால் இருவருக்கும். ஃப்ளூவை வீட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான், அடிபடுவது பாட்டி. ஜப்பானில் 1962இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மொத்தமாகப் போட்டார்கள், 1987இல் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள், 1994இல் அடியோடு நிறுத்தினார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாக நேரும் உபரிச் சாவு குறைந்திருந்தது, நிறுத்தியதும் ஏறியிருந்தது, அதில் பெரும்பாலும் முதியவர்கள். ஊசி குத்திக்கொண்டது பேரன், பிழைத்தது பாட்டி. ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மாமியாருக்கே போடுங்கள், பிள்ளைக்கு ஆஸ்துமா மாதிரி ஏதும் இல்லாத பட்சத்தில்.

கேள்வி (விருதுநகர்): இரண்டு பிள்ளைகள், தினக்கூலி. எல்லாருக்கும் அவசியமா?

பதில்: கடன் வாங்கிப் போட வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை எல்லாருக்கும் போடச் சொல்கிறது, அதற்கு மேல் ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை, எதிர்ப்புச் சக்தி குறைவு உள்ளவர்களுக்கு. ஆரோக்கியமான பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டால் நல்லது, போடவில்லை என்று குற்ற உணர்ச்சியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு இதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: முட்டை சாப்பிட்டால் தடிப்பு வருகிறது. போடலாமா?

பதில்: பல ஃப்ளூ ஊசிகள் முட்டையில் வளர்த்துத் தயாராவதால்தான் இந்தப் பயம், ஆனாலும் போடலாம். போடும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், போட்டபின் பதினைந்து நிமிஷம் அங்கேயே உட்காருங்கள். போன ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத் திணறல் வந்திருந்தால் அது வேறு கதை, போடக் கூடாது.

கேள்வி (கோவை): போன வருஷம் கொடுத்த ஆன்டிபயாடிக் பாதி பாட்டில் இருக்கிறது. கொடுக்கலாமா? எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: அந்தப் பாட்டிலை முதலில் கொட்டுங்கள். ஃப்ளூ வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது, அதுவும் கரைத்து வைத்த மருந்து சில நாளில் வீணாகிவிடும். பாரசிட்டமால் சிரப்பில் 120ஆ 250ஆ என்று படித்துப் பார்த்து, எடைக்குத் தகுந்த அளவு கொடுங்கள். அதே ஐந்து மில்லி, மருந்து இரண்டு மடங்கு. ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஃப்ளூவில் அது ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டுவரலாம். டெங்கு இல்லை என்று தெரிகிறவரை ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் எதுவும் வேண்டாம்.

சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு இடையில் குழி விழுந்தால், எழுப்பினாலும் சுருண்டு சுருண்டு படுத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், வலிப்பு வந்தால், காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து இருமலோடு திரும்ப அடித்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும், ஆகவே ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முதல் நாளே வந்துவிடுங்கள்.

கேள்வி: நாளைக்கு அரையாண்டுத் தேர்வு. பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது. அனுப்பட்டுமா?

பதில்: மருந்து இல்லாமல் முழுசாக ஒரு நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், அதுவரை வேண்டாம். வகுப்பாசிரியருக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லுங்கள், சான்றிதழ் தேவைப்பட்டால் பார்க்கிற டாக்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.