அம்மாவின் பழைய ரத்த அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள்

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வருடமாக ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வருகிறது, போகும்போதெல்லாம் வேறு வேறு ஜிபி (குடும்ப மருத்துவர்), எல்லோரும் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே பதறுகிறது. அன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் லேசான சோகைதான். இறங்குமுகம் தெரிய வேண்டுமென்றால் பழைய எண்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவை அம்மாவின் மருத்துவப் பதிவில்தான் இருக்கின்றன. அம்மாவின் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) இரண்டையும் தேதியோடு குறித்துக்கொண்டுபோய்க் காட்டி, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனையைக் கேளுங்கள். ஒரு கிராம் மலத்துக்கு ஹீமோகுளோபின் 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் குடல் புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து 28 நாளுக்குள் புற்றுநோயா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் இலக்கு. அப்புறம், ஃபிட் முடிவு வராமல் போனால் ஜிபி மருத்துவமனையிலிருந்து அவர்களே கூப்பிடும்படி பதிவில் ஒரு நினைவூட்டல் போடச் சொல்லுங்கள். ஃபிட் முடிவு 10-க்குக் கீழே இருந்தும் ஹீமோகுளோபின் இறங்கினால், தயங்காமல் திரும்பப் போங்கள்.