இருமினால் சிறுநீர் கசிகிறதா? பெல்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். இருமினாலும், தோட்டத்தில் தக்காளிக் கிரேடு தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. இடுப்பு பெல்ட், மெஷின் சிகிச்சை இரண்டையும் பேக்கேஜாக எடுத்தால்தான் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதாதா?
- வாசகி, பாலக்கோடு

இயன்முறை மருத்துவரின் பதில்:

உங்களுக்கு முதல் சிகிச்சையே அந்தப் பயிற்சிதான். காலணா செலவில்லை. அந்த ஆளிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் ஒரு தசை அடியிலிருந்து தூளி போலத் தாங்குகிறது. கர்ப்பச் சுமையிலும் பிரசவத்திலும் அது தளர்ந்துபோகிறது. இருமும்போது வயிற்றில் ஏறும் அழுத்தத்துக்கு ஈடாக அதனால் இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை, கசிகிறது.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே காற்று பிரியாமல் அடக்குவீர்களே, அப்படி ஆசனவாயைச் சுருக்கி, கூடவே சிறுநீரையும் அடக்குவதுபோல் மேல்நோக்கி இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். முதலில் 3, 4 நொடி பிடித்தால் போதும், போகப்போக 10 நொடிக்கு வரலாம். பிடித்த அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். வேளைக்கு 8 முதல் 10 முறை, தினம் மூன்று வேளை. பழகியபின் பால் கொடுக்கும்போது உட்கார்ந்தபடியே செய்யலாம். இருமல் வரும்போதும் பாரம் தூக்குமுன்பும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் கிரேடை இப்போதைக்கு வேறு யாராவது தூக்கட்டும்.

சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்யுங்கள். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கியே தசை இன்னும் தளரும்.

அப்புறம் அந்த பெல்ட். அது இந்தத் தசைக்கு வலு தராது. வயிற்றை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழேதான் இறங்கும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்குக் கமிஷன். இதே ஆட்கள் அடுத்து, "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று ஏதாவது ஆஸ்பத்திரிக்குக் கைகாட்டுவார்கள். கர்ப்பப்பையை எடுப்பது சிறுநீர்க் கசிவுக்கு வைத்தியமே அல்ல. தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சிலருக்குத் தசை தளராமல், இறுகிக் கிடக்கும். தையல் போட்ட இடம் வலிக்குமே என்ற பயத்தில் எந்நேரமும் உடம்பைப் பிடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். இறுக்கும்போது வலிக்கிறது, இறுக்கினால் விட முடியவில்லை, சிறுநீர் போகத் திணறுகிறது, தாம்பத்தியத்தில் வலி என்றால் நீங்களும் அந்த ரகமாக இருக்கலாம். அப்போது இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். அதை நிறுத்திவிட்டு, வயிறு உப்பும்படி மூச்சிழுத்து, விடும்போது அடிப்பகுதியைத் தளர விடுங்கள். பிறகு பரிசோதனைக்குப் போங்கள். பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருந்தாலோ மலம் கசிந்தாலோ, மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடவே வேண்டாம்.

குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு மூன்று முறை போயிருப்பீர்கள். ஒருமுறையாவது "உனக்குச் சிறுநீர் கசிகிறதா, தாயி?" என்று யாராவது கேட்டார்களா? வீடு தேடி இயன்முறை சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இங்கேயே ஆரம்பித்தும், பிள்ளை பெற்றவளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்காததால்தான் பெல்ட் விற்பவன் உள்ளே வருகிறான்.

3 மாதத்தில் குறையவில்லை என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். "பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம்" என்று அனுப்பப் பார்த்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். தசையைச் சோதித்து, இயன்முறை சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள்.