பழைய தெருவில் புதிய அறை: கேள்வி பதில்

லண்டனில் வீடுகளுக்கு வரைபடம் போட்டு, கவுன்சிலில் அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. இருபது வருடத்தைத் தொடப்போகிறது. கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது தோற்றம் காக்கப்படும் வட்டாரத்தில், வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். எல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி. ஸ்காட்லாந்து, வேல்ஸ்காரர்கள் இதை நம்பிக் கடப்பாரையைத் தூக்க வேண்டாம்.

வீடு வாங்கிய பிறகுதான் இது கன்சர்வேஷன் ஏரியா என்று தெரிந்தது. பின்பக்கம் சமையலறையை மூன்று மீட்டர் நீட்ட ஆசை. ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டுமாமே, உண்மையா அண்ணா? (ஹாரோ)

ஆணி தாராளமாக அடியுங்கள். லிஸ்டட் பில்டிங்கையும் (தனியாகப் பட்டியலிட்டுக் காக்கப்படும் கட்டடம்) இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். லிஸ்டட் வீட்டில்தான் உள்சுவரைத் தொடவும் கேட்க வேண்டும். கன்சர்வேஷன் ஏரியா என்பது ஒரு வட்டாரத்தின் தோற்றத்தைக் காப்பது. 1967இல் வந்த சட்டம் அது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபர்ட் ஊர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பின்பக்கம், ஒரே தளம், ஒட்டிய வீடு என்றால் 3 மீட்டர், தனி வீடு என்றால் 4 மீட்டர் வரை இங்கேயும் பெர்மிட்டட் டெவலப்மெண்டில், அதாவது விண்ணப்பிக்காமலே, கட்டலாம். உயரம் போன்ற மற்ற வரம்புகளும் உண்டு. மற்ற இடங்களில் கவுன்சிலுக்கு முன்கூட்டித் தெரிவித்து, அது பக்கத்து வீட்டைக் கேட்ட பிறகு 6 அல்லது 8 மீட்டர் வரை போகும் வழி இங்கே கிடையாது. பின்பக்கம் இரண்டு தளம், பக்கவாட்டில் எதுவானாலும், வெளிச்சுவரில் பூச்சு, கல், மரப்பலகை ஒட்டுவது எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விக்டோரியன் வரிசை வீடுகளில் சமையலறை ஒரு வால் மாதிரிப் பின்னால் நீண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஆள் நடக்கும் அளவு சந்து. அந்தச் சந்தை அடைத்துச் சமையலறையை அகலமாக்குவதைப் பலர் 'பின்பக்க வேலை' என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது பக்கச்சுவரைத் தாண்டுவது. கன்சர்வேஷன் ஏரியாவில் அதற்கு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும், அது வேறு விஷயம்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் பிளாஸ்டிக் ஜன்னல். நான் போடக் கூடாது என்கிறது கவுன்சில். இது என்ன நியாயம்? (டூட்டிங்)

நீங்கள் டோட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் பக்கமா? 1900களின் தொடக்கத்தில் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கட்டிய வரிசை வீடுகள் அவை. ஃபாரஸ்ட் கேட்டில் உட்கிரேஞ்ச் எஸ்டேட்டும் ஒரு கன்சர்வேஷன் ஏரியா. இப்படிப்பட்ட இடங்களில் 'ஆர்ட்டிகிள் 4' என்ற உத்தரவு போட்டு, மற்றவர்களுக்கு இருக்கும் உரிமையைக் கவுன்சில் எடுத்துவிடும். முன் ஜன்னல், கதவு, கூரை ஓடு, முன்மதில் எல்லாம் அதில் மாட்டலாம். பக்கத்து வீட்டு ஜன்னல் உத்தரவுக்கு முன்பே வந்ததாக இருக்கும், அல்லது அவர் இன்னும் பிடிபடவில்லை.

எனக்கே நடந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வீட்டு முன்கதவை மாற்றினேன். ஆறே வாரத்தில் கடிதம். ஊருக்கெல்லாம் விதி சொல்பவன், பழைய கதவைத் தேடிக் கழிவுக்கிடங்குக்கு ஓடினேன். கிடைக்கவில்லை. புது மரக்கதவுக்குக் கொடுத்த காசை இன்னும் மனைவி சொல்லிக்காட்டுகிறாள். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரிக்கு ஆர்ட்டிகிள் 4 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அம்மா ஊரிலிருந்து எங்களோடு இருக்க வருகிறார், முழங்கால் வலி. பக்கவாட்டில் இரண்டு தளம் கட்டிக் கீழே அறையும் குளியலறையும் வேண்டும். டாக்டர் கடிதம் வைத்தால் கிடைக்குமா? (பின்னர் / Pinner)

கடிதத்தை வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அதிகாரி கேட்பது ஒன்றுதான்: இந்தக் கட்டடம் இந்த இடத்தின் தன்மையைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது என்று முடிவு செய்தால், அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கு என்ன நன்மை என்று பார்ப்பார். அம்மாவின் முழங்கால் உங்களுக்குப் பெரிது, அங்கே அது தனிப்பட்ட நன்மை. அம்மாவுக்குப் பிறகும் சுவர் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் ஒன்று நமக்குச் சாதகம். சட்டம் 'காக்க வேண்டும் அல்லது மேம்படுத்த வேண்டும்' என்கிறது. கெடுக்காமல் இருந்தாலே காத்ததாகும் என்று 1992இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. அழகுகூட்டத் தேவையில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும்.

அதனால் வரைபடம் போடும் முன் எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நில்லுங்கள். உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே என்ன தெரிகிறது? வானமும் பின்தோட்டத்து மரமும் தெரிந்தால், அந்த இடைவெளியும் தெருவின் தன்மைதான். இரண்டு தளமாக அதை அடைத்தால் வீடுகள் ஒட்டிக்கொண்டு சுவராகிவிடும். இதில்தான் அதிகம் மறுக்கிறார்கள். முன்சுவரிலிருந்து நன்றாகப் பின்தள்ளி, கூரை முகட்டைப் பழையதை விடத் தாழ்த்திக் கேட்டால் பேச இடமிருக்கிறது. உங்கள் தேவைக்கு இன்னொரு வழி: மேல்தளத்தை விட்டுவிட்டு அம்மாவின் அறையையும் குளியலறையையும் பின்பக்கம் தரைத்தளத்திலேயே போடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு மாடி எதற்கு?

லாஃப்டில் டோர்மர், அதாவது கூரையிலிருந்து துருத்தி எழுப்பும் ஜன்னல், வைக்கலாமா? (ஈலிங்)

விண்ணப்பம் வேண்டும். கூரையோடு படிந்த ஜன்னல், 15 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தாமல், ஆர்ட்டிகிள் 4 இல்லாவிட்டால் வேண்டாம்.

எவ்வளவு செலவு, எத்தனை நாள்? மறுத்தால்? (குரோய்டன்)

வீட்டு விரிவாக்க விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 ஆனது. ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைவாசியோடு ஏறும் ஏற்பாடு, கட்டும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிவுக்குக் கெடு 8 வாரம். தாமதமாவது சகஜம். முன்பு ஒருமுறை மறுத்தால் இரண்டாவது விண்ணப்பம் இலவசம். 2023 டிசம்பரில் அந்தச் சலுகை போய்விட்டது. மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. நான் பெரும்பாலும் மேல்முறையீட்டுக்குப் போவதில்லை. மறுப்புக் கடிதத்தில் சொன்னதைத் திருத்தித் திரும்பக் கேட்பதுதான் சீக்கிரம் முடிகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குகிறார். பயமாக இருக்கிறது. (ஈஸ்ட் ஹாம்)

தலையை எண்ண மாட்டார்கள், காரணத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம் குறைவது, அவர்கள் தோட்டத்தை எட்டிப் பார்ப்பது, இடத்தின் தோற்றம் எல்லாம் எடுபடும். வீட்டு விலை குறையும் என்பது எடுபடாது. அடுத்த முறை கவுன்சில் அறிவிப்பு ஒட்டும் முன்னாடியே வரைபடத்தோடும் ஒரு தட்டு வடையோடும் அவர் கதவைத் தட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு மரம் இடைஞ்சல். இப்போதே வெட்டிவிடலாமா?

கூடாது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 7.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவுன்சிலுக்கு 6 வாரம் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கக் கட்டணமில்லை. மறைத்தால் அபராதம்.

"கட்டிவிட்டு நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிரு" என்கிறார் பில்டர்.

அனுமதியின்றிக் கட்டியதன்மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்க இருந்த அந்த நாலு வருடக் கெடு 2024 ஏப்ரல் 25இலிருந்து பத்து வருடமாகிவிட்டது. பில்டர் செய்தி பார்ப்பதில்லை போல. அப்புறம், சாலையோரம் ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள முன்மதிலைக் கார் நிறுத்த இடிக்கச் சொல்வார். கன்சர்வேஷன் ஏரியாவில் அனுமதியின்றி அதை இடிப்பதே குற்றம்.

அனுமதி வந்துவிட்டது. "வேலை தொடங்கும் முன் செங்கல் மாதிரி காட்டவும்" என்று நிபந்தனை. பில்டர் லாரி நிறையக் கல் இறக்கிவிட்டார். என்ன செய்வது அண்ணா? (வால்தம்ஸ்டோ)

அஸ்திவாரம் தோண்டாதீர்கள். நிபந்தனையை முடிக்காமல் தொடங்கினால் அனுமதியே கைவிட்டுப் போகலாம். உங்கள் பழைய சுவர் அனேகமாக மஞ்சள் லண்டன் ஸ்டாக் செங்கல். நூறு வருடப் புகையேறிப் பழுப்பாகியிருக்கும். இறக்கிய கல் பளபளவென்று ஒரே நிறமாக இருந்தால் ஒத்துப்போகாது. ஒருமுறை ஓர் அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து பழைய சுவரிலும் புதுக் கல்லிலும் ஊற்றிப் பார்த்தார். காய்ந்தபோது ஒன்றுபோல் இருந்தவை, நனைந்ததும் ஒன்று தேன் நிறம், மற்றது பூசணி நிறம். "இந்த ஊரில் சுவர் பாதி நாள் நனைந்துதான் இருக்கும்" என்றார்.

கல்லை மட்டும் பார்க்காதீர்கள், இடைப்பூச்சையும் பாருங்கள். சிமெண்ட் சாம்பலாக நிற்கும். சுண்ணாம்புக் கலவைதான் பழைய சுவரோடு சேரும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிச் சுவர் கட்டிக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். லாரிக் கல் பொருந்தவில்லையா, பிரிக்காத கட்டுகளைத் திருப்பி எடுப்பார்களா என்று இன்றே கடைக்காரரிடம் கேளுங்கள். மிச்சம் தோட்டத்து நடைபாதைக்கு ஆகும்.