வன்னியில் இலை எப்போது சிவக்கும்?

கேள்வி: இங்கே செப்டெம்பர் பிறந்தால் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கிவிடும், பிள்ளைகளோடு காட்டுப்பாதையில் நடப்போம். இந்த முறை செப்டெம்பரில் இலங்கைக்கு, வன்னியிலுள்ள மாங்குளம் வருகிறோம். அங்கேயும் இலை நிறம் மாறுமா? என்ன மிருகங்கள் பார்க்கலாம்?
– ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: அந்தச் சிவப்பை நம்பி வராதீர்கள். உங்களூரில் கோடைக்கும் குளிருக்கும் பகல் நேரம் 6 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசப்படும். பகல் சுருங்கச் சுருங்க இலையின் பச்சையம் சிதைந்துபோக, ஏற்கெனவே அடியில் கிடந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பை மட்டும் சில மரங்கள் அந்த நேரம் பார்த்துப் புதிதாக உண்டாக்குகின்றன. வன்னியில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்தான். இங்கே மரம் கணக்குப் பார்ப்பது பகலை வைத்தல்ல, தண்ணீரை வைத்து.

நீங்கள் வரும்போது மாதக்கணக்கில் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடித்து மண் வெடித்திருக்கும். அதிலும் பாலையும் வீரையும் தடித்த இலையோடு கரும்பச்சையாகவே நிற்கும். தேக்கு நட்ட பக்கம் போனால் கொஞ்சம் இலையுதிர்காலம் கிடைக்கலாம்: சாப்பாட்டுக் கோப்பை அளவு மண்ணிறச் சருகுகள், சிலதில் பூச்சி அரித்து நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். தேக்கந்தளிர் அகப்பட்டால் பிள்ளைகளைக் கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளங்கை சிவந்துவிடும். மற்றபடி எங்கள் பக்கம் சிவப்பு துளிரில்தான். பங்குனி சித்திரையில் இலுப்பை செப்பு நிறத்தில் துளிர்த்து நிற்பதைப் பார்த்தால் மேப்பிளை மறந்துவிடுவீர்கள் (எனக்கு இலுப்பைதான் வடிவு, சண்டைக்கு வராதீர்கள்).

சரி, மிருகங்கள். அதற்கு இது நல்ல மாதம், ஏனென்றால் சின்னக் குட்டைகளெல்லாம் வற்றி, பெரிய குளங்களில்தான் தண்ணீர் நிற்கும், எல்லாம் அங்கேதான் வரவேண்டும். விடியவே வவுனிக்குளத்து அலைகரைப் பக்கம் போங்கள். சேற்றில் மான் குளம்பும் மரைக் (கடமான்) குளம்பும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருக்கும், பெரியது மரையினது. மயில், முசுக் குரங்கு, உடும்பு எல்லாம் தேடாமலே கண்ணில் படும். வடக்கிலிருந்து வலசை வந்த உள்ளான்கள் ஈரச்சேற்றைக் கொத்திக்கொண்டு திரியும். இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிற ஆறுமணிக்குருவி கொஞ்சம் பிந்தும், ஐப்பசியை ஒட்டி நின்றீர்களென்றால் பின்னேரத்தில் அதன் குரலும் கேட்கலாம். யானை லத்தி ஈரமாகக் கிடந்தால் படம் எடுக்க நிற்காமல் அப்படியே திரும்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, கனடாவில் நடப்பதுபோல நினைத்த பக்கம் காட்டுக்குள் இறங்கவேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் மாடு சாய்க்கும் தடத்திலேயே நடவுங்கள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.